மூன்றாம் நாள் மண்வெட்டி: தான்சானியப் பள்ளியில் தன்னார்வ ஆசிரியராகக் காலூன்ற

2022 ஜனவரியிலிருந்து 2023 டிசம்பர் வரை தான்சானியாவில், இரிங்கா நகரிலிருந்து ஒன்றரை மணி நேரம் செம்மண் சாலையில் போக வேண்டிய ஒரு கிராமத்து இடைநிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். அரசுப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டு கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு போனேன். சம்பளம் கிடையாது, தங்க ஒரு வீடும் சாப்பாட்டுச் செலவுக்குச் சிறு படியும் கொடுத்தார்கள். அதே போலப் போகக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கொசு, தண்ணீர், பாதுகாப்பு பற்றித்தான். அவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அங்கே உங்கள் முதல் வேலை அந்நாட்டு மொழியான சுவாஹிலியைக் கற்றுக்கொள்வது. வகுப்பு, வீடு, நட்பு எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன.

கிளம்பும் முன்

சுற்றுலா விசாவில் போய் வகுப்பில் நிற்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சம்பளம் வாங்காவிட்டாலும் கற்பிப்பது அங்கே வேலைதான். வசிப்பிட அனுமதியில் ஏ வகுப்பு முதலீட்டாளர்களுக்கு, பி வகுப்பு ஊதிய வேலைக்கு, தன்னார்வலர்களுக்கு உரியது சி வகுப்பு. உங்களை ஏற்றுக்கொள்ளும் அமைப்பு உள்ளூரிலிருந்து அதற்கு முன்னின்று உழைக்க வேண்டும். "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், அந்த அமைப்பை விட்டுவிடுங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்றையும் அவர்கள் கேட்க வேண்டும். பிள்ளைகளோடு பழகப் போகிறவரிடம் அதைக் கேட்காத இடத்தில் பிள்ளைகளைப் பற்றிய அக்கறையும் குறைவாகத்தான் இருக்கும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். எந்த நாட்டு வழியாக விமானம் மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்தச் சான்றைக் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்று செல்லுபடியாகும்; 2016 முதல் அது வாழ்நாள் முழுவதற்கும் போதும்.

பெட்டியில் கம்பளிச் சட்டை இரண்டு வையுங்கள். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போகிறவர்கள் இரிங்காவின் ஜூன், ஜூலை இரவுகளில் நடுங்குவார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் அது. மூன்று பட்டைமுள் உள்ள மின்செருகிக்கு ஒரு மாற்றி தேவைப்படும். பொருள்களை பிளாஸ்டிக் கைப்பைகளில் சுற்றி எடுத்துப் போகாதீர்கள். 2019 ஜூன் 1 முதல் அவற்றுக்கு அங்கே தடை. பாடப்புத்தகங்களை மூட்டை கட்ட வேண்டாம். பாடத்திட்டத்தையும் நூல்களையும் தான்சானியக் கல்வி நிறுவனம் வெளியிடுகிறது. 2023 கல்விக் கொள்கைத் திருத்தத்துக்குப் பிறகு அவை மாறிவருவதால், எந்தப் பதிப்பு நடக்கிறது என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பயன்பட்டது நான் நினைத்தே பார்க்காத ஒன்று: என் குடும்பப் படம். பேச மொழி வராத முதல் மாதத்தில், வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைக் கையில் வாங்கி, யார் யார் என்று விரல் வைத்துக் கேட்டார்கள். "கணவர்", "மகள்", "பேரன்" என்ற சொற்களை அப்படித்தான் கற்றேன்.

எதிர்ப்பக்க எண்ணைப் படியுங்கள்

தாருஸ்ஸலாம் நகரில் விமானம் இறங்கியதும் இரிங்காவுக்கு மகுஃபுலி பஸ் நிலையத்திலிருந்து பஸ் ஏற வேண்டும். ஏறக்குறைய 500 கிலோமீட்டர். நாள் முழுவதும் ஆகும். நெடுஞ்சாலை மிகுமி தேசியப் பூங்காவின் ஊடாகப் போகிறது. சன்னலோர இருக்கை கேளுங்கள், வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் பஸ்ஸிலிருந்தே தெரியும். ஆனால் டிக்கெட்டில் "காலை 12 மணி" என்று எழுதியிருந்தால், அது விடியற்காலை ஆறு மணி.

சுவாஹிலிக் கணக்கில் நாள் தொடங்குவது சூரியனோடு. காலை ஏழு மணிதான் "ஸா மோஜா", அதாவது மணி ஒன்று. எட்டு மணி இரண்டு, நண்பகல் ஆறு, மாலை ஏழு மறுபடியும் ஒன்று. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் எழுவதும் சாய்வதும் பெரிதாக மாறுவதில்லை. அதனால் இந்தக் கணக்கு அவர்களுக்குப் பிசகுவதில்லை. கைக்கடிகாரத்தில் சின்ன முள் நிற்கும் எண்ணுக்கு நேர் எதிரே உள்ள எண்ணைப் படித்தால் சுவாஹிலி நேரம் கிடைத்துவிடும்.

எனக்கு இதைச் சொல்லித்தர ஆள் இல்லை. இரண்டாவது வாரம், சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் "ஸா தாத்து" என்றார்கள். தாத்து என்றால் மூன்று என்று தெரியும். பிற்பகல் மூன்று மணிக்குப் போய் நின்றேன். கூட்டம் காலை ஒன்பதுக்கே தொடங்கி முடிந்திருந்தது. புதிய கணக்கு ஆசிரியையைப் பார்த்துவிட வேண்டும் என்று எட்டுக் கிலோமீட்டர் நடந்து வந்த ஒரு பாட்டி, வெகுநேரம் காத்திருந்து திரும்பிப் போயிருந்தார். அவர் யாருடைய பாட்டி என்று விசாரித்து அடுத்த ஞாயிறு நானே அவர் வீட்டுக்கு நடந்தேன். அன்றிலிருந்து யார் நேரம் சொன்னாலும், "அது எந்த நேரம்? சூரியன் எங்கே இருக்கும்?" என்று கேட்டுவிடுவேன். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

விருந்தும் மண்வெட்டியும்

நம்மிடம் "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று உண்டல்லவா? சுவாஹிலியில் இதன் உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது: விருந்தாளி இரண்டு நாள், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு. "ஜெம்பே" என்றால் மண்வெட்டி.

முதல் இரண்டு நாள் விருந்தாளியாகவே இருங்கள். தலைமை ஆசிரியர் உங்களைக் கிராமத் தலைவரிடமும் நிர்வாக அலுவலரிடமும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் அழைத்துப் போவார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெரிய வருகைப் பதிவேட்டை உங்கள் முன் வைப்பார்கள். பெயர், ஊர், வந்த நோக்கம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வெறும் சடங்கு என்று எண்ணி அவசரப்படாதீர்கள். நீங்கள் இன்னார், இன்ன வேலையாக வந்திருக்கிறீர்கள் என்று ஊர் அறிந்துகொள்ளும் வழி அது. பிற்பாடு ஏதாவது சிக்கல் வந்தால் உங்களுக்காகப் பேசப் போகிறவர்களும் அவர்கள்தாம்.

மூன்றாம் நாள் எனக்கு மண்வெட்டி சொல்லுக்குச் சொல் வந்தது. பள்ளிக்குச் சொந்தமாக மக்காச்சோள வயல் இருந்தது. ஜனவரி மழையில் களை மண்டிக் கிடந்தது. படிப்பும் உழைப்பும் ஒன்றாக நடக்க வேண்டும் என்று 1967இல் ஜூலியஸ் நியெரெரே வகுத்த "தற்சார்புக்கான கல்வி" என்ற கொள்கையின் தடம் இன்னும் பல பள்ளிகளில் அப்படியே இருக்கிறது. நாட்டின் முதல் ஜனாதிபதியான அவர் ஆசிரியராக இருந்தவர். மக்கள் இன்றும் அவரை "ம்வாலிமு" என்றே சொல்கிறார்கள். அதன் பொருள் ஆசிரியர். உங்களையும் அதே சொல்லால்தான் அழைப்பார்கள். அந்த மரியாதை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

துணை ஆசிரியர் ஒருவர், "மேடம், நீங்கள் நிழலில் உட்காருங்கள்" என்றார். நான் உட்காரவில்லை. ஒரு மணி நேரம் களை கொத்தினேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. கருவியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பக்கத்து வரிசையில் நின்ற மாணவி காட்டிக்கொடுத்தாள். அவள் பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் என் மாணவர்களில் என்னோடு முதலில் பேசியவள் அவள்தான். நிழலில் உட்காரச் சொன்னால் ஒரு முறையாவது மறுத்துவிடுங்கள்.

வணக்கம் சொல்லும் ஒழுங்கு

பெரியவரைப் பார்த்தால் "ஷிக்கமோ" என்று சொல்ல வேண்டும். அவர் "மரஹபா" என்பார். வயதுதான் இதில் கணக்கு, பதவி இல்லை. நீங்கள் இருபத்தைந்து வயதுக்காரர் என்றால், பள்ளிச் சமையல்காரருக்கும் இரவுக் காவலாளிக்கும் முதலில் ஷிக்கமோ சொல்ல வேண்டியவர் நீங்கள். அதைச் சொல்லாமல் போன ஓர் இளம் தன்னார்வலரைப் பற்றி ஊரில் "படித்தவர், ஆனால் வளர்க்கப்படாதவர்" என்று பேசிக்கொண்டார்கள்.

வணக்கம் ஒரு சொல்லோடு முடிவதில்லை. காலைச் செய்தி என்ன, வீட்டுச் செய்தி என்ன, வேலைச் செய்தி என்ன என்று வரிசையாகக் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் "ந்ஸூரி", நலம், என்று சொல்லித் திருப்பிக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகே காரியம். எழுத்துக்குறிப்பு கையில் வைத்துக்கொண்டு நேரே "தேர்வுத்தாள் அச்சாகிவிட்டதா?" என்று தொடங்கினால், எதிரில் இருப்பவர் முகம் மூடிக்கொள்ளும். யார் வீட்டு வாசலிலும் நின்று "ஹோடி" என்று குரல் கொடுங்கள். உள்ளிருந்து "கரிபு" என்று வரும் வரை படியேறாதீர்கள். இரிங்கா பக்கம் ஹெஹே மக்கள் அதிகம். அவர்கள் மொழியில் "கம்வேனே" என்று வணக்கம் சொல்லிப் பாருங்கள். சந்தையில் காய் விற்கும் அம்மா ஒரு தக்காளி கூடப் போடுவார்.

உறவுச் சொற்கள் முதலில் குழப்பும். அங்கே "மாமா" என்றால் அம்மா. "பாபா" அப்பா, "காக்கா" அண்ணன், "டாடா" அக்கா. குழந்தை பெற்ற பெண்ணைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். என் மகள் பெயரை ஒரு முறை கேட்டுக்கொண்டார்கள்; அதற்குப் பிறகு இரண்டு ஆண்டும் கிராமத்தில் நான் இன்னாருடைய அம்மாதான்.

வேறு பல சொற்கள் நமக்குத் தெரிந்த முகத்தோடு எதிரே வரும். வண்டி "காரி", கடை "டுக்கா", காப்பீடு "பீமா", இலட்சம் "லாக்கி". ஆட்டோவுக்குப் பெயர் "பஜாஜி". இலக்கணமும் நமக்கு அந்நியமில்லை. நாம் "படி" என்ற வேருக்குப் பின்னால் காலத்தையும் ஆளையும் ஒட்டுகிறோம். அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள். "ஃபுந்திஷா" கற்பி, "நினாஃபுந்திஷா" கற்பிக்கிறேன், "நிலிஃபுந்திஷா" கற்பித்தேன், "நித்தாஃபுந்திஷா" கற்பிப்பேன். ஒட்டுகளைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. தினமும் பத்துச் சொல் வீதம் எழுதிப் பழகினால் மூன்று மாதத்தில் பேச வந்துவிடும்.

பெம்பெதாத்து

இனிதான் நான் நிறையச் சொல்ல வேண்டியது.

தான்சானியாவின் அரசு தொடக்கப் பள்ளிகளில் ஏழு ஆண்டும் எல்லாப் பாடமும் சுவாஹிலியில். ஆங்கிலம் ஒரு பாடம் மட்டுமே. இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான ஃபார்ம் ஒன்னில் கால் வைத்த நாளிலிருந்து சுவாஹிலிப் பாடத்தைத் தவிர மற்ற அனைத்தும் ஆங்கிலத்தில். பதிநான்கு வயதுப் பிள்ளை டிசம்பர் விடுமுறைக்குப் போகும்போது ஒரு மொழியில் கணக்குப் போடுகிறது. ஜனவரியில் வேறு மொழியில் போட வேண்டும்.

என் முதல் வகுப்பில் 83 பேர். மூவர் உட்காரும் இருக்கையில் ஐவர். உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து "குட் மார்னிங் மேடம்" என்றார்கள். கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அமைதி. இன்னும் மெதுவாகக் கேட்டேன். அதே அமைதி. ஏழாண்டு கணக்குப் படித்த பிள்ளைகளுக்கு முக்கோணம் தெரியாதா என்று எனக்குத் திகைப்பு. அப்போது மூன்றாம் வரிசையில் ஒரு பெண், வயலில் எனக்கு மண்வெட்டி பிடிக்கக் காட்டியவள், குரலே வராமல் உதட்டை அசைத்தாள். அருகில் போய்க் கேட்டேன். "பெம்பெதாத்து" என்றாள்.

பெம்பே என்றால் மூலை. தாத்து என்றால் மூன்று. முக்கோணம்! நாம் சொல்லை எப்படிக் கட்டியிருக்கிறோமோ அப்படியே அவர்களும் கட்டியிருக்கிறார்கள். சாக்பீஸை அவளிடம் கொடுத்து, படத்தின் கீழே அந்தச் சொல்லை எழுதச் சொன்னேன். ஆங்கிலச் சொல்லை நான் பக்கத்தில் எழுதினேன். பிறகு சதுரம் வரைந்தேன். "ம்ராபா" என்று பல குரல்கள். வட்டம் வரைந்தேன், "டுவாரா" என்று வகுப்பே சொன்னது. ஆரத்தைத் தொட்டேன், "நுசு கிப்பென்யோ", விட்டத்தில் பாதி, என்றான் ஒரு பையன். இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சொல்லும் வாயைத்தான் ஜனவரி மாதம் அடைத்துவிட்டது.

நான் பள்ளி முழுவதும் தமிழில் படித்துவிட்டுக் கல்லூரியில் முதல் முறையாக ஆங்கிலத்தில் கணிதம் கேட்டவள். முதல் பருவம் முழுக்க வாய் திறக்கவில்லை. பேராசிரியர் ஒருவர் என்னை மந்தம் என்றே நினைத்திருந்தார். அன்று அந்த 83 பேர் முன்னால் நின்றபோது, பதினேழு வயதில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சை எதிரே பார்த்தேன். தமிழ்வழியில் படித்துப் போகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களிடம் இருக்கும் இந்த நினைவு எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காதது. அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

நான் செய்தது இது. ஒவ்வொரு மாணவருக்கும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் மூன்று பத்தி: சுவாஹிலிச் சொல், படம் அல்லது எடுத்துக்காட்டு, ஆங்கிலச் சொல். பாடத்தின் முதல் ஐந்து நிமிடம் அந்தச் சொற்களுக்கு மட்டும். சுவாஹிலியை அவர்கள் எனக்குக் கற்றுக்கொடுப்பார்கள், ஆங்கிலத்தை நான் அவர்களுக்கு. உச்சரிப்பு தவறினால் என்னைத் திருத்தும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆசிரியரைத் திருத்திப் பழகிய வாய், பிறகு கேள்வி கேட்கவும் திறந்தது. சமன்பாட்டுக்கு "ம்லிங்கான்யோ" என்று பெயர். சமமாதல் என்ற வேரிலிருந்து வருவது. அந்த வேரைத் தொட்டதும், இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாக விளக்கத் தேவையே இல்லாமல் போயிற்று.

இதைத் தொடங்கும் முன் தலைமை ஆசிரியரிடம் பேசிவிடுங்கள். வளாகத்தில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று பலகை மாட்டிய பள்ளிகள் உண்டு. அவர்கள் கவலையும் நியாயமானதுதான்: தேசியத் தேர்வுக் குழு நடத்தும் ஃபார்ம் டூ, ஃபார்ம் ஃபோர் தேர்வுகளில் கணக்குத்தாள் ஆங்கிலத்தில்தான் வரும். ஆகவே பாடம் சுவாஹிலியில் தொடங்கினாலும் ஆங்கிலத்தில் முடிய வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் பழைய தேர்வுத்தாளிலிருந்து ஒரு கேள்வியை ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கிலத்திலேயே விடை எழுத வைப்பேன். இதை அவரிடம் விளக்கியதும் ஒப்புக்கொண்டார்.

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். 83 பேரும் "யெஸ் மேடம்" என்பார்கள். இல்லை என்று சொல்வது ஆசிரியரை அவமதிப்பது என்று வளர்ந்தவர்கள். அதற்குப் பதிலாக, கண்ணை மூடிக்கொண்டு விடையை விரல்களால் காட்டச் சொல்வேன். ஒரே பார்வையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும், யாரும் யாரையும் பார்த்துக் காட்டவும் முடியாது. குறை எண்களுக்கு சோடா மூடிகள் உதவின. கடைகளில் கேட்டால் பை நிறையக் கொடுப்பார்கள். மூடி நிமிர்ந்திருந்தால் மிகை ஒன்று, கவிழ்ந்திருந்தால் குறை ஒன்று. நிமிர்ந்ததும் கவிழ்ந்ததும் ஜோடி சேர்ந்தால் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். ஐந்தும் குறை எட்டும் சேர்ந்தால் மேசையில் மூன்று மூடிகள் கவிழ்ந்து கிடக்கும். குறை மூன்று. கையால் தொட்ட கணக்கு மறப்பதில்லை.

பிரம்பு

இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன். தான்சானியப் பள்ளிகளில் பிரம்படி சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அரசு விதிமுறைகள் அதற்கு வரம்பு வைக்கின்றன: தலைமை ஆசிரியரின் அதிகாரத்தின் கீழ் மட்டுமே, நான்கு அடிக்கு மேல் கூடாது, பதிவேட்டில் எழுத வேண்டும். நடைமுறையில் இந்த வரம்பு எப்போதும் காக்கப்படுவதில்லை. முதல் வாரத்திலேயே நீங்கள் அதைப் பார்க்க நேரலாம். மனம் பதறும். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பிள்ளைகள் முன்னால் சக ஆசிரியரோடு வாக்குவாதம் செய்யாதீர்கள். அது அடிபட்ட பிள்ளைக்கு உதவாது. உங்கள் முதுகுக்குப் பின்னால் அடி கூடும். நான் மறுநாள் தலைமை ஆசிரியரைத் தனியே பார்த்து மூன்று விஷயம் சொன்னேன்: நான் பிரம்பைத் தொட மாட்டேன், என் வகுப்பிலிருந்து யாரையும் அடிக்காக அனுப்ப மாட்டேன், என் பாடத்தில் மதிப்பெண் குறைந்ததற்காக யாரையும் யாரும் அடிக்கக் கூடாது, அந்தப் பொறுப்பு என்னுடையது. முதல் இரண்டையும் உடனே ஏற்றார். மூன்றாவதற்கு ஒரு பருவம் ஆயிற்று. வரம்பு மீறி நடந்ததை ஒரு முறை எழுத்தில் கொடுத்தேன். என்னை அனுப்பிய அமைப்புக்கும் நகல் அனுப்பினேன். கிளம்பும் முன்பே அமைப்பிடம் இதற்கு என்ன வழிமுறை என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி முழுவதும் நான் எதையும் மாற்றிவிடவில்லை. என் பாட வேளைகளில் மட்டும் யாருக்கும் அடி விழவில்லை.

வீடு, காய்ச்சல், பணம்

வீட்டில் மின்சாரம் முன்கட்டண மீட்டர், "லுக்கு" என்பார்கள். கைப்பேசிப் பணத்தில் கட்டினால் இருபது இலக்க எண் ஒன்று குறுஞ்செய்தியாக வரும். அதை மீட்டரில் தட்ட வேண்டும். வெள்ளிக்கிழமையே இருப்பைப் பார்த்துவிடுங்கள். வங்கி நகரத்தில்தான், ஆனால் கைப்பேசிப் பண முகவர் ஒவ்வொரு கடைத்தெருவிலும் இருப்பார். சிம் கார்டு வாங்கப் பாஸ்போர்ட்டும் கைரேகையும் தேவை. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். மருந்து தோய்த்த கொசுவலைக்குள் தூங்குங்கள். மேட்டு நிலத்தில் மலேரியா குறைவு என்பார்கள், ஆனால் கடற்கரைப் பக்கம் போய்வந்தால் இந்தப் பேச்செல்லாம் செல்லாது. காய்ச்சல் வந்தால் அன்றே "ஸஹனாத்தி" என்னும் கிராம மருந்தகத்தில் விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று படுத்துவிடக் கூடாது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். உகாலி என்னும் மக்காச்சோளக் களி, அவரை வகைக் குழம்பு, ம்சிச்சா என்னும் கீரை, சோறு எல்லாம் கிடைக்கும். "ஸிலி ந்யாமா", இறைச்சி சாப்பிட மாட்டேன், என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பணம் கேட்பார்கள். அரசு 2016 முதல் ஃபார்ம் ஃபோர் வரை கட்டணத்தை நீக்கிவிட்டாலும், சீருடை, குறிப்பேடு, மதிய உணவுக்கான பங்கு என்று செலவு இருக்கிறது. தனி மாணவருக்குக் கையில் பணம் கொடுக்காதீர்கள். ஒருவருக்குக் கொடுத்தது மாலைக்குள் ஊருக்குத் தெரியும். கொடுக்கப்படாதவர்களின் முகத்தை மறுநாள் வகுப்பில் பார்க்க வேண்டியிருக்கும். நான் கொடுத்ததெல்லாம் வகுப்பு ஆசிரியர் வழியாக, பள்ளியின் பெயரில். பிள்ளைகளின் படங்களை எங்கும் பகிர வேண்டாம். நம் பேரப்பிள்ளையின் படத்தை முன்பின் தெரியாதவர் பரப்பினால் நமக்கு எப்படி இருக்கும்?

உங்களை "ம்ஹிந்தி", இந்தியர், என்று கூப்பிடுவார்கள். அங்கே தலைமுறைகளாக இருக்கும் இந்தியக் குடும்பங்கள் பல வணிகத்தில் இருப்பதால், உங்களுக்கும் எங்கோ ஒரு கடை இருக்கும் என்று எண்ணுவார்கள். கோபப்படாமல் பெயரைச் சொல்லுங்கள். பத்து மணிக்கு "ஸா ந்னே" தேநீர் வேளை. அதை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். பாட அட்டவணை மாறியது, யார் விடுப்பு, எந்த மாணவியின் தாய் படுக்கையில் இருக்கிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். தேநீர்க் காசில் உங்கள் பங்கைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள்.

யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் போக வேண்டும். "ம்ஸிபா" என்பார்கள். பள்ளியே கிளம்பிப் போகும். ஆசிரியர்கள் சேர்ந்து "ரம்பிரம்பி" என்று துக்கப் பணம் திரட்டுவார்கள். என் முதல் ஆண்டு மே மாதம், என்னோடு அதே வகுப்புக்குக் கணக்கு எடுத்த இளைஞரின் தந்தை இறந்தார். எனக்குச் சொல்லத் தெரிந்தது "போலே ஸானா" மட்டும். பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்த இடத்தில் நானும் உட்கார்ந்தேன். யாரோ கத்தியும் ஒரு கூடை வெங்காயமும் என் முன்னால் வைத்தார்கள். பிற்பகல் முழுவதும் வெங்காயம் நறுக்கினேன். அழுகிறவர்கள் அழுதார்கள், சமைக்கிறவர்கள் சமைத்தார்கள். அதற்குப் பிறகு மாலை நேரங்களில் என் வாசலில் "ஹோடி" என்ற குரல் கேட்காத நாள் குறைவு. இருட்டு விழும் மாலை ஏழு மணியைக் கண்டு முதல் மாதங்களில் எனக்கு இருந்த பயமும் அதோடு போயிற்று.

கிளம்பும்போது

தந்தையை இழந்த அந்த இளம் கணக்கு ஆசிரியரோடு முதல் ஆண்டு வாரம் ஒரு வகுப்பைச் சேர்ந்து எடுத்தேன். இரண்டாம் ஆண்டு இரண்டு. நீங்களும் முதல் மாதத்திலேயே அப்படி ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், நீங்கள் போன பிறகு அந்தப் பலகை முன்னால் நிற்கப் போகிறவர் அவர்தான். அவர் பிடிக்காத முறையை நீங்கள் எவ்வளவு திறமையாகச் செய்தாலும் ஜனவரியில் அது நின்றுவிடும். என்னுடைய முறைகளில் விரல் காட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டார். சோடா மூடிகளும் மூன்று பத்திச் சொற்பட்டியலும் பிடித்தன. பட்டியலை அவரே திருத்தி, எனக்குத் தெரியாத சொற்களைச் சேர்த்தார்.

விடைபெறும் நாளைப் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். நவம்பரில் தேர்வுகள், டிசம்பர் தொடக்கத்தில் பள்ளி மூடிவிடும், சொல்லாமல் போனால் பலரை மறுபடி பார்க்கவே முடியாது. அனுமதி அட்டையை ஒப்படைப்பது பற்றி அமைப்பிடம் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாமான்களை யாருக்கு என்று தலைமை ஆசிரியரே பிரிக்கட்டும். சொற்பட்டியலின் தலைப்பிரதி, 412 சொற்கள், ஆசிரியர் அறையில் சன்னலுக்கு அடியில் உள்ள பெட்டியில் இருக்கிறது. சாவி அந்த இளைஞரிடம். ஊர் திரும்பும் பஸ் ஸா கும்மி நா ம்பிலிக்கு, அதாவது மணி பன்னிரண்டுக்கு. சின்ன முள்ளுக்கு எதிர்ப்பக்கம் பாருங்கள்: காலை ஆறு மணி.